தனபால் சார் தோண்டி எடுத்த துண்டு

தனபால் சார் போய்விட்டார்... காலையில் கண்ணமங்கலத்திலிருந்து அவர் மகன் போன் செய்தான்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி லேபில் இருந்தவர். உடம்பிலிருந்து வெட்டிய சதையை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி டாக்டருக்குக் கொடுப்பது அவர் வேலை.

நான் சேவூரில் பட்டு நெய்தவன். எழுதக் கற்றது போன வருஷம்தான். அவர் பெயரை என் கையாலேயே எழுதுகிறேன் என்பதில் இன்றைக்கும் ஒரு சந்தோஷம்... அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அக்குளில் ஒரு கட்டி. வியர்வைச் சுரப்பியில் வரும் அபூர்வமான தோல் கேன்சர் என்று வெட்டி எடுத்தார்கள்.

சென்னையில் இன்னொரு டாக்டரிடம் காட்டச் சொல்லி அந்த மெழுகுக் கட்டியை என் கையிலேயே கொடுத்தார்கள். காட்டிவிட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

என் மனைவி உள்ளே விடவில்லை. "ஒடம்புல இருந்து எடுத்தத வூட்ல வெச்சிகினு எப்டிங்க சோறு துன்றது?"

எங்கள் வீட்டு வழக்கம் அப்படி. ஆற்றங்கரைச் சுடுகாட்டில் குழி வெட்டிப் புதைத்தோம். பாலும் ஊற்றினோம்.

சில வருஷம் கழித்துக் கழுத்தில் மறுபடி முளைத்தது. அங்கே கத்தி வைக்க முடியாதாம்.

பெண்களின் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ரிசப்டர் என் கட்டியில் இருந்தால், மார்புப் புற்றுக்குத் தரும் மாத்திரை எனக்கும் கேட்கும். இல்லையென்றால் வேறு வழி இல்லை. அதைப் பார்க்கப் பழைய துண்டு வேண்டும் என்றார் டாக்டர்.

புதைத்துவிட்டோம் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

பக்கத்தில் நின்ற தனபால் சார் மட்டும் எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டார். மறுநாளே பஸ் ஏறி எங்கள் ஊருக்கே வந்துவிட்டார்.

உச்சி வெயில்... நான் இடம் காட்டினேன், அவர் தோண்டினார். என் குழியை நானே எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மெழுகை மண் ஒன்றும் செய்யவில்லை. உள்ளே நகத்தளவு நான்.

"இது செத்துப்போச்சா சார், உயிரோட கீதா?"

"ரெண்டும் இல்லண்ணா. வெட்டின அன்னிக்கு இருந்தா மாதிரியே நின்னுகினு கீது. நீங்கதான் வயசாகிகினு போறீங்க."

சாயம் ஏற்றிய பிறகு என்னை லேபுக்குக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் லென்ஸில் கண் வைக்கச் சொன்னார். பழுப்புப் புள்ளிகள், கூட்டம் கூட்டமாக... என்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல. பழுப்பு ஏறினால் ரிசப்டர் இருக்கிறது என்று அர்த்தமாம்.

மாத்திரையைப் பார்த்து என் மனைவிக்கு ஒரே சிரிப்பு. "பொம்பளைங்க மாத்திரையா? அப்போ நாளைலேர்ந்து கோலமும் நீங்களே போடுங்க."

கட்டி கரைந்தது. நான் இருக்கிறேன்.

அந்தத் துண்டை அவர் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கே பார்த்தாலும், "உங்க துண்டு ஷோக்கா கீதுண்ணா" என்பார். எனக்கு முதுகு சில்லிடும்... சிரிப்பும் வரும்.

இன்று சாயங்காலம் அடக்கம் செய்தார்கள். என்னையும் ஒரு பிடி மண் போடச் சொன்னார்கள்.

கையில் எடுத்தேன்... என்னை மண்ணிலிருந்து எடுத்தவர் மேல் போட முடியவில்லை. அப்படியே குழியின் கரையில் வைத்துவிட்டு வந்தேன்.

போய் வாங்க, தனபால் சார்.