ஏகாதசி இருந்த நாய்

சீமைக்குத் திரும்பவிருந்த ரயில்வே துரையிடமிருந்து அவருடைய மந்தை நாயை ஸ்ரீரங்கத்துக்கு வாங்கி வந்தேன். ஒரு ஆடுகூட இல்லாத எனக்கு அது எதற்கு? தெருவில் வேறு யாரிடமும் இல்லை, அதற்குத்தான். நாய் வளர்ப்புப் புத்தகங்களைப் படித்துவிட்டு, அவற்றில் சொன்ன கறிக்குப் பதிலாகத் தயிர்சாதம் போட்டேன்; ஏகாதசியன்று அதையும் நிறுத்தினேன். மூன்றே மாதத்தில் அதன் விலா எலும்புகளை எண்ண முடிந்தது.

ஒருநாள் கொள்ளிடக் கரையில் என் கையை உதறிவிட்டு ஓடி, சிதறி மேய்ந்த ஆடுகளை நொடியில் ஒன்றுசேர்த்தது. ஆட்டுக்காரி அதன் முதுகைத் தடவிப் பார்த்து முறைத்தாள்.

"புத்தகத்தில் உள்ளபடிதான் வளர்க்கிறேன்" என்றேன்.

"கறி போடாம புத்தகத்தைப் போட்டீங்களாக்கும்! பத்து நாள் தாங்காது சாமி. எங்கிட்ட விட்டுட்டுப் போங்க."

தயங்கினேன். பாசத்தால் அல்ல, தெருவில் என் மவுசு போய்விடுமே என்றுதான். அந்த நினைப்பு எனக்கே அருவருப்பாக இருந்தது. "வைத்துக்கொள்" என்றேன்.

நாய் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பற்றி அவ்வளவு சரியான அபிப்பிராயம் அதுவரை யாருக்கும் இருந்ததில்லை.