இரண்டு நாள் நின்ற தறி

1. டச்சு மொழியை உரக்கப் படிக்கும் ஒரு செயலிக்காக, கூட்டுச்சொற்களை அசை பிரித்து, அழுத்தம் விழும் அசையைக் குறிக்கும் வேலை எனக்கு வந்தது.
2. ஒலிப்பதிவுகளை அமாவாசையன்று கேட்கத் திட்டமிட்டேன். அன்றுதான் எங்கள் தெருவில் தறி ஓடாது.
3. குழுத் தலைவர் கெடுவை அமாவாசைக்கு முன்னால் இழுத்தார்.
4. அப்பா தறியை இரண்டு நாள் நிறுத்தினார்.
5. நான் குறித்ததைத் தலைவர் அழித்தார்.
6. தவறு என் பெயரில் பதிவானது.

நான்காவது இல்லையென்றால் மற்றதையெல்லாம் விழுங்கியிருப்பேன்.

காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்பாவின் தறி. சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தறி. ஹெட்போன் போட்டாலும் அடி காதில் விழும். அழுத்தத்தைத் தேடும் காதுக்கு ஒவ்வோர் அடியும் ஒரு பொய் அழுத்தம். இதை ஒரு முறைதான் சொன்னேன். அப்பா எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போனார்.

"இன்னாபா, உங்க வூட்டுக்கு மட்டும் தனி அமாவாசையா?" என்று அந்த வீட்டுக்காரர் சிரித்தது கேட்டது.

"பொண்ணு பாக்குற டச்சு வேல நிரந்தரம் ஆவணும்பா. ரெண்டு நாளு நீயும் நிறுத்திக்கோ."

"சரிபா. புடவ இன்னும் வரலன்னு கேட்டா, டச்சுக்காரன் நிறுத்திட்டான்னு சொல்லிக்கிறேன்."

இரண்டு தறிகளும் நின்றன. டச்சுக் கூட்டுச்சொல்லில் பெரும்பாலும் முதல் பகுதியில்தான் அழுத்தம். ஆனால் நகர மன்றத்தைக் குறிக்கும் 'ஸ்டட்-ஹௌஸ்' இரண்டாம் பகுதியில் அழுந்தும். மேயரைக் குறிக்கும் 'பர்-க-மேஸ்-டர்' மூன்றாம் அசையில். விதியை மீறும் இத்தகைய சொற்களைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். பிடித்தேன்.

தலைவர் என் கோப்பைத் திறந்து, எல்லாச் சொல்லுக்கும் முதல் அசையிலேயே அழுத்தம் என்று ஒரே கட்டளையில் மாற்றி அனுப்பிவிட்டார். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பினார். அன்றைய ஆன்லைன் கூட்டத்தில், எல்லோரும் கேட்க, தலைவர் சொன்னார்: "வீட்டுலேந்து வேலை பார்த்தா இப்படித்தான். தறிச் சத்தத்துல இவங்களுக்கு என்ன கேட்டிருக்கும்?"

"சார், அந்த ரெண்டு நாளும் தறி ஓடலை."

யாரோ சிரித்தார்கள். கோப்பில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவைத் திரையில் காட்டினேன். அவர் பெயர் தெளிவாக இருந்தது.

"அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்மா" என்றார்.

என் காதைக் குறை சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். அவர் வைத்த கெடுவுக்காக நிறுத்தப்பட்ட தறியைக் குறை சொன்னதற்கு அவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

என் பழைய பட்டியலையே மறுபடி அனுப்பினார்கள், வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். தவறு என்னுடையது என்ற குறிப்பை இன்னும் நீக்கவில்லை. வேலை நிரந்தரமாவது மூன்று மாதம் தள்ளிப்போயிருக்கிறது. அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை.