பன்னிரண்டு காடையும் காலை ஆறு மணியும்

நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். கல்யாணப் பத்திரிகைகளுக்கு முகவரி எழுதியதைத் தவிர காகிதத்தில் பெரிதாக எதையும் எழுதியதில்லை. நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள் காடை முட்டையைப் பற்றி எழுத வந்ததை, படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆரணியில் எங்கள் வீட்டில் இரண்டு பட்டுத்தறி. ஒன்றில் என் கணவர் நெய்கிறார், இன்னொன்றில் அவருடைய அண்ணன். நான் ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பேன். போன வருடம் கண்ணமங்கலம் பக்கத்துப் பண்ணையிலிருந்து பன்னிரண்டு பெட்டைக் காடை வாங்கிவந்து மாடியில் கூண்டு வைத்தேன். சீக்கிரமே முட்டையிட ஆரம்பித்தன.

காடை கோழியைப் போல இல்லை. காலையில் ஒன்றும் நடக்காது. மூன்று மணிக்கு மேல் தொடங்கி இருட்டுவதற்குள் ஒவ்வொன்றாகப் போடும். இன்று நாலு மணிக்குப் போட்டது நாளை இன்னும் கொஞ்சம் தாமதமாகப் போடும். இப்படியே தள்ளிப்போய் ஒரு நாள் போடாமலே இருந்துவிடும். எலிக்குப் பயந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்கே முட்டைகளை எடுத்துக் கூடையில் சேர்த்துவிடுவேன்.

ஒரு நாள் காலை, கணவரின் அண்ணன் அவித்த முட்டையை உரித்துக்கொண்டே கேட்டார்.

"பன்னெண்டு காடை இருக்குது. ஒம்போது முட்டைதான் வருது. எது டிமிக்கி குடுக்குது?"

அன்றே, தறியிலிருந்து கழற்றிப்போட்ட பழைய டிசைன் அட்டைகளை வெட்டிக் கூண்டைப் பன்னிரண்டு அறையாகத் தடுத்தார். மறுநாளிலிருந்து காலை ஆறு மணிக்கு, தறியில் உட்காருவதற்கு முன், மாடியில் மேற்பார்வை. முட்டை இல்லாத அறையில் இருக்கும் காடையின் காலில் சிவப்புப் பட்டுநூலால் ஒரு முடிச்சு போடுவார். மூன்று முடிச்சு விழுந்தது ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு என்று அறிவித்தார். சனிக்கிழமை காலை பன்னிரண்டு காலிலும் மூன்று முடிச்சு இருந்தது. என் கழுத்திலும் அவ்வளவுதான்.

"கூடையில தெனம் முட்டை வருதேண்ணா?" என்றார் என் கணவர்.

"அது பழைய ஸ்டாக்குடா. நான் நேர்ல பார்த்துகினுதான இருக்கறேன்? ஒண்ணுகூட வேலைக்கு வர்ல."

சொல்லிவிட்டு அன்றைய பங்கு இரண்டு முட்டையைத் தின்றார்.

கணவரின் அண்ணனோடு நான் நேருக்கு நேர் பேசுவதில்லை. எங்கள் வீட்டு வழக்கம் அது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாக மீறியதில்லை. அதனால் கணவரிடம் சொல்லியனுப்பினேன்.

"மதியானத்துக்கு மேலதான் போடுமாம்ணா."

"யார் சொன்னது?"

"உள்ள சொன்னாங்க."

"உள்ள இருக்கறவங்களுக்கு இன்னா தெரியும்? முட்டைன்னா காலைல போடணும். மேட்னி ஷோவுக்கா போடும்?"

கணவர் என்னிடம் வந்து, "அண்ணன் ஒத்துக்கல" என்றார். அவர் வேலை அதோடு முடிந்தது.

அன்று நாலு மணிக்கு அண்ணன் மாடிக்கு வந்தார். மறுநாள் பிரியாணிக்குக் காடைகளைப் பிடித்துப்போக, கையில் பெரிய அலுமினியக் குண்டான். நான் தீனி வைத்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டும் குண்டானுக்குள் போய்விட்டால் கூண்டு மட்டும்தான் மிஞ்சும். அவர் பக்கம் திரும்பாமல், ஓரத்து அறையிலிருந்த காடையைப் பார்த்துப் பேசினேன்.

"ஏண்டி, நீ சாயந்திர ஷிப்டு. காலைல ஆறு மணிக்கு வந்து பார்த்து முடிச்சு போட்டா நீ இன்னா பண்ணுவ? அர மணி நேரம் நின்னு பார்க்கச் சொல்லு."

அவரும் அதே காடையைப் பார்த்தார்.

"நிக்கறேன்னு சொல்லு. போடலேன்னா மசாலா அரைக்கச் சொல்லு."

இரண்டு பேரும் நின்றோம். காடை எங்களை மாறி மாறிப் பார்த்தது. அது ஒன்றும் செய்யவில்லை. பக்கத்து அறையில் ஒன்று உடம்பைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. எழுந்தபோது புள்ளி போட்ட ஈர முட்டை கிடந்தது. அரை மணி முடிவதற்குள் இன்னும் மூன்று அறையில் முட்டை.

அவர் குண்டானைக் கீழே வைத்தார். ஓரத்துக் காடையிடம், "இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டார். நான் மிச்சத் தீனியை வைத்தேன். தறியில் நூல் பிசிறு நறுக்கும் கத்தரியை எடுத்துவந்து முப்பத்தாறு முடிச்சையும் அவரே வெட்டினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். சாயங்காலம் பத்து முட்டை எடுத்தேன்.