முப்பத்திரண்டு மார்க் எடுத்த புத்தகம்

நூலகத்தில் வேலை என்றால் நாள் முழுக்க இருந்து வாசிக்கலாம் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: எங்கள் வேலையில் பாதி, புத்தகங்களை எறிவது. அந்தப் பாவத்தைச் செய்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

எறிகிற பட்டியல்

லண்டன் இல்ஃபோர்டில் நான் வேலை செய்யும் நூலகத்தில், ஒரு வருடமாக யாரும் எடுக்காத புத்தகம் பட்டியலில் ஏறும். இந்த முறை ஏறியது வேர்னா அன்ரியின் மெல்லிய புத்தகம். அவர் டிரினிடாட்டிலிருந்து வந்து, தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ச் சிரிப்புக் கதைகளைத் தன் ஊர் ஆங்கிலத்திலேயே எழுதியிருந்தார். செவ்வாய்க்கிழமை தோறும் வந்து, புத்தகம் இறாக்கைத் தட்டில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போவார்.

விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் பதிலை எங்கள் யாழ்ப்பாணப் பேச்சிலேயே தருகிறேன், வேறு எதிலும் அது பொருந்தாது: "என்னையுந்தான் ஒரு வருஷமா ஒருத்தரும் தேடி வரேல்லை. என்னையும் எறியுங்கோ பாப்பம்."

சிவப்புப் பேனை

எனக்கு ரோசம் வந்துவிட்டது. யாராவது எடுத்தால் தப்பிவிடும் என்று, தினமும் பேப்பர் பார்க்க வரும் மாஸ்ரரின் கையில் புத்தகத்தைத் திணித்தேன். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தவர். மூன்று வாரம் கழித்து, இன்னும் முடியவில்லை என்று தவணை நீட்டினார். பிறகும் நீட்டினார். நானும் மகிழ்ந்து போனேன்.

திரும்பி வந்த புத்தகத்தைத் திறந்தால் பக்கமெல்லாம் சிவப்பு. மனுசன் வரிவரியாகத் திருத்தி, கடைசிப் பக்கத்தில் நூற்றுக்கு முப்பத்திரண்டு போட்டுக் கையெழுத்தும் வைத்திருந்தார். இது நூலகப் புத்தகம், பரீட்சைத் தாள் இல்லை என்று சீறினேன். அவரோ அமைதியாகச் சொன்னார்: "எழுதின பிள்ளை கெட்டிக்காரிதான். ஆனா இப்பிடி எழுதினா நான் எப்பிடிப் பாஸ் போடுறது?"

சேதம்

மேலாளர் பார்த்துவிட்டார். சேதமான புத்தகம் எத்தனை பேர் எடுத்தாலும் குப்பைக்குத்தான் என்றார். பதினெட்டு வருடத்தில் நான் அவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினேன். அன்ரி போன்றவர்கள் இந்த நகரத்து ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளைத் தூக்கிக் கழுவியபோது யாரும் அவர்கள் பேச்சைத் திருத்தவில்லை, இப்போது மட்டும் என்ன என்று கேட்டேன். இதை எறிவதென்றால் என் கையால் நடக்காது என்றும் சொன்னேன். புத்தகத்தைப் பிடித்தபடி நான் நகரவில்லை.

அவர் பெருமூச்சு விட்டார்: "எழுதினவரே வந்து பார்க்கட்டும். அவர் எறியச் சொன்னால் எறிய வேண்டும்."

செவ்வாய்க்கிழமை

அன்ரி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மாஸ்ரர் விறைப்பாக நின்றார். திடீரென்று அன்ரி சத்தமாக வாசிக்கத் தொடங்கினார். செத்தவனைக் கலியாணம் கட்ட இருந்த மூன்று பெண்கள், யார் முதலில் அழுவது என்று செத்த வீட்டில் சண்டை பிடிக்கிற கதை. சிவப்புக் கோடுகளை அவர் சட்டை செய்யவே இல்லை. பேப்பர் வாசித்தவர்கள் பேப்பரைக் கீழே வைத்தார்கள். மாஸ்ரருக்குத் தோள் குலுங்கியது, பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். மேலாளர் எறிகிற பட்டியலில் அந்தப் புத்தகத்தின் பெயரை வெட்டினார்.

மாஸ்ரர் வெட்கத்தோடு பேனையை எடுத்து, மார்க்கைக் கூட்டிப் போடட்டுமா என்று கேட்டார். அன்ரி புத்தகத்தை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்: "வேண்டாம் மாஸ்ரர். நான் பெயிலாகவே இருக்கிறன். நீங்கள்தான் சிரிச்சுப் பாஸ் பண்ணியிருக்கிறியள்."

எத்தனையோ நல்ல மார்க் புத்தகங்களை எறிந்த எனக்கு, வேலை போனாலும் பரவாயில்லை என்று காப்பாற்றக் கிடைத்தது ஒரு பெயில் புத்தகந்தான்.