ரபீ ஐயாவின் கொம்பு

போன மாதம் என்னைப் பார்க்க வந்த இளைஞர் ஒருவர், சுவர் ஆணியில் தொங்கிய ஆட்டுக்கொம்பைக் கண்டதும் பேச்சை நிறுத்திவிட்டார். ஏதோ ஒரு வேதபாடக் குழுவைச் சேர்ந்தவர். தோளில் நீலக் குஞ்சம் வைத்த வெள்ளைத் துண்டு. “டீச்சர், இது யூதர்கள் ஊதுகிற கொம்பல்லவா?” என்றபடி, கேட்காமலே எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்புறம் முகம் சுளித்தார். வேப்பெண்ணெய் வாடை. எத்தனை வருஷமானாலும் அது போகாது. உட்காரச் சொல்லி அவரிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசியில் திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமப் பள்ளியில் எனக்கு வேலை. அதே ஊரில் இருந்த அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். இரண்டு தலைமுறையாகக் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவக் குடும்பம். அக்காவின் கணவரான அத்தானுக்கு, சபைக் கமிட்டியில் தன்னைச் சேர்க்கவில்லை என்று கோபம். கோபித்துக்கொண்டு திரிகிறவனுக்குக் குரு கிடைப்பது எளிது. அருப்புக்கோட்டை பஸ்ஸிலிருந்து ஒருநாள் அந்தக் குரு வந்து இறங்கி, அக்கா வீட்டிலேயே தங்கிவிட்டார். யூத குருமாரைப் போல ‘ரபீ ஐயா’ என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டவர். ஆயுளில் ஒரு யூதரைக்கூட அவர் நேரில் பார்த்ததில்லை. காலண்டர் படத்தில் கண்ட தாடியை வளர்த்துக்கொண்டார். தறித் துண்டின் ஓரத்தில் நீலச் சாயம் தோய்த்த நூலை முடிந்துகொண்டார். கறிக்கடையில் செம்மறிக் கொம்பு ஒன்று வாங்கி நுனியை அறுத்து ஊதப் பழகிக்கொண்டார். அந்த மக்கள் எத்தனையோ துன்பத்துக்கு நடுவில் கட்டிக்காத்த வழக்கங்களில், தனக்குச் சௌகரியமானதை மட்டும் உருவிக்கொண்ட ஆள். சனிக்கிழமை ஓய்வுநாள் என்பதால் யாரும் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது, பஸ் ஏறக் கூடாது. வெள்ளிக்கிழமையே அக்கா ஆக்கி வைத்ததை அவர் மூன்று வேளையும் சாப்பிடலாம்.

சாலொமோன் ராஜாவின் கப்பல்கள் மயில் வாங்க வந்தது நம் பக்கம்தான் என்பது அவருடைய கண்டுபிடிப்பு. ஆதாரம் கேட்டால் வேலியில் உட்கார்ந்திருக்கும் மயிலைக் காட்டுவார். எருசலேம் இடிந்தபோது ஆலயத்தின் உடன்படிக்கைப் பெட்டியையும், வானத்திலிருந்து விழுந்த மன்னா என்ற உணவை வைத்த பாத்திரத்தையும் அதே வழியில் கொண்டுவந்து புதைத்துவிட்டார்களாம். புதைத்த இடம், அத்தானின் கரிசல் காட்டை ஒட்டிய மேடு. அந்த மேட்டில் மண்ணைக் கிளறினால் பழைய காலத்துப் பிணம் வைத்த தாழிகள் வரும் என்று ஊரில் ஆடு மேய்க்கிற எல்லோருக்கும் தெரியும். ரபீ ஐயா ஊராரிடம் எதையும் கேட்கிற வழக்கமில்லை.

அதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். அந்த வருஷம் நிலத்துக்கு ஓய்வு வருஷம் என்றார். ஏழாம் வருஷம் உழவும் கூடாது, விதைக்கவும் கூடாது. மீறினால் பெட்டி பூமிக்குள் இறங்கிவிடும். எந்த வருஷத்திலிருந்து ஏழு என்று கேட்டேன். “அது மறைபொருள்” என்றார். அந்தக் கட்டளை அவர்கள் நாட்டு மண்ணுக்குச் சொன்னது, திருச்சுழிக் கரிசலுக்கு அல்ல என்றேன். பெண்கள் வேதம் பேசக்கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டு வருஷமாக வானம் ஏமாற்றியிருந்தது. உழவு மாடு ஒரு ஜோடிதான் மிச்சம். பருத்தி விதையைப் பானையில் போட்டு வைத்துக்கொண்டு அக்கா தினமும் வானத்தைப் பார்த்தாள். புரட்டாசிக் கடைசியில் பெய்தது பாருங்கள், கண்மாய் நிறைகிற மழை. மறுநாள் ஊரே ஏரோடு கிளம்பியது. அத்தான் மண்வெட்டியோடு மேட்டுக்குக் கிளம்பினார்.

“ஏங்க, ஈரம் காயுறதுக்குள்ள விதைச்சிருவோம்” என்று அக்கா வாசலை மறித்துக்கொண்டு கெஞ்சினாள்.

“ஓய்வு வருசம்டி. நெலம் ஓய்வெடுக்கணும்னு ரபீ ஐயா சொல்லிட்டாக.”

“நெலம் ரெண்டு வருசமா ஓய்வுலதான இருக்கு.”

அத்தான் காதில் விழவில்லை. உழத்தான் தடை, தோண்டத் தடையில்லை போலிருக்கிறது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து வந்த ரபீ ஐயாவின் இரண்டு சீடர்களும் அத்தானும் வேர்வை வழியத் தோண்டினார்கள். அந்த உழைப்பில் பாதியைக் காட்டில் போட்டிருந்தால் விதைப்பு முடிந்திருக்கும்.

ஈரமெல்லாம் காய்ந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பலகைக்கல்லால் மூடிய பெரிய பானை ஒன்று தென்பட்டது. ரபீ ஐயா தன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, கன்னம் உப்பக் கொம்பை ஊதினார். பள்ளி விட்டு நானும் அக்காவும் போய்ச் சேர்ந்தபோது, பானைக்குள்ளிருந்த வெள்ளைப் பொடியை அவர் ஒவ்வொருவர் நாக்கிலும் வைத்துக்கொண்டிருந்தார். வானத்து மன்னாவாம். அத்தான் கண்ணில் நீர் வழிய, மண்டியிட்டு அதைச் சப்பிக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து பானைக்குள் கைவிட்டு, எதையோ எடுத்து முந்தானையில் துடைத்துப் பார்த்தாள்.

“ஏங்க,” என்றாள், சத்தமில்லாமல். “மன்னாவுக்குப் பல்லு இருக்குமா?”

கடைவாய்ப் பல். ஒரு தாடைத் துண்டும் இருந்தது. சீடர்களில் ஒருவர் வேலி ஓரமாக ஓடிப் போய் வாந்தியெடுத்தார். அத்தான் மண்டியிட்டபடியே இருந்தார். மறுநாள் சனிக்கிழமை. அடுப்புக்கூடப் பற்றவைக்கக் கூடாத அந்தப் புனித நாளில், முதல் பஸ்ஸில் ரபீ ஐயா ஏறிப் போய்விட்டார். அவசரத்தில் கொம்பை மறந்துவிட்டார்.

அந்தத் தை மாதம் சுற்றிலும் பருத்தி வெடித்துக் கிடக்க, அத்தானின் காட்டில் கோரை நின்றது. அக்கா பக்கத்துக் காட்டில் கூலிக்குப் பருத்தி எடுக்கப் போனாள். தன் காட்டு வரப்பில் நடந்துதான் அங்கே போகவேண்டும். ஒருநாளும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று கூடப்போன பெண்கள் சொன்னார்கள். ரபீ ஐயா மாதிரி ஆட்களைப் பாவம், அறியாமல் செய்தார்கள் என்று சொல்கிறவர்களோடு நான் பேசுவதில்லை. சாப்பிட்ட சோறு யார் வீட்டுச் சோறு என்று அந்த ஆளுக்கு நன்றாகவே தெரியும்.

கொம்பை அக்கா எறியவில்லை. மாட்டுக்கு வயிறு உப்பினால் இஞ்சியும் பூண்டும் அரைத்து வேப்பெண்ணெயில் கலக்கி, வாயைப் பிளந்து புகட்டுவதற்கு அது வாகாக இருந்தது. தொழுவத்தில் ஆணியடித்து மாட்டிவிட்டாள். அத்தான் அந்தப் பக்கம் போனால் வேறெங்கோ பார்த்துக்கொள்வார். தப்பு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழுபதுகளின் நடுவில், மறுபடி ஏழாம் வருஷம் வந்தது. மழை விழுந்த மறுநாள் காலையில் அத்தான் காபித் தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “இந்த வருசம் காட்ட...” என்று இழுத்தார். அக்கா தொழுவத்துக்குப் போய்க் கொம்பை எடுத்து வந்து அவர் முன்னால் நின்றாள்.

“வாயத் தொறங்க” என்றாள்.

அத்தான் தம்ளரை வைத்துவிட்டு மாட்டை அவிழ்க்கப் போனார். அந்த வருஷம் எங்கள் பருத்திதான் முதலில் வெடித்தது.

அக்கா போன பிறகு கொம்பு என்னிடம் வந்தது. இவ்வளவையும் அந்த இளைஞர் கொம்பை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, “டீச்சர், அந்த மேடு இன்னும் இருக்கா?” என்றார்.

கொம்பை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். அவருக்குப் புகட்ட மருந்துதான் கைவசம் இல்லை.