பாத்தி தாண்டிப் போன பாட்டு

சுனாமிக்கு அடுத்த வருடம், மரக்காணம் மாதா கோயில் திருவிழாவுக்கு என் முதல் பாட்டை எழுதினேன். டிப்ளமோ படித்த புத்தி. சொல்ல நினைத்ததையெல்லாம் பட்டியல் போட்டுச் சேர்த்திருந்தேன். பாடல்குழுவை நடத்தும் ஸ்டெல்லா அக்காவுக்கு உப்பளத்தில் வேலை. படித்துவிட்டுச் சிரித்தார்.

"ஏம்மா, மூச்சு விட எடமே இல்லியே! என்கூட உப்பு வாரிக்கிட்டே பாடு. முடியலன்னா பழைய பாட்டுதான்."

உப்பளத்தில் இறங்கி, உப்பு வாரும் பலகையை இழுத்தபடி பாடினேன். இரண்டாம் வரியிலேயே மூச்சு வாங்கியது. இழுப்புக்கு ஒட்டாத சொற்களை ஒவ்வொன்றாக விட்டேன். "மாதாவே, கரையப் பாரம்மா" மட்டும் மிஞ்சியது. அதையே திரும்பத் திரும்பப் பாடினேன். பக்கத்துப் பாத்திப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். திகைத்து நிறுத்திவிட்டேன். பாட்டோ பாத்தி பாத்தியாகக் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்காதடி, இழு!" என்றார் அக்கா.

திருவிழாவில் அந்த வரியை ஊரே பாடியது. அது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள இன்றும் நா எழவில்லை.