பிரெஞ்சு பேச ஒரு ஆள் கேட்டேன்

அந்த ஜனவரியில் இரண்டு பேர் என்னை விட்டுப் போனார்கள். முதலில் அம்மா. முதுகெலும்பில் ஆபரேஷன் செய்ய வேண்டும், ஆறு மாதம் படுக்கையில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் நாகர்கோவிலில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அடுத்து என் பிரெஞ்சு டீச்சர். அவருடைய கணவருக்கு வேறு நாட்டில் வேலை கிடைத்தது. ஒரு வியாழக்கிழமை வகுப்பில் அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். மறுவாரம் அவர் இல்லை.

நான் ஜெனிஷா. ஷார்ஜாவில் நம் சபையில் வளர்ந்தவள். எனக்குத் தமிழ் பேச வரும், கோர்வையாக எழுத வராது. ஹாஸ்டலிலிருந்து போனில் நான் சொல்லச் சொல்ல, சபையில் வாசிக்க அம்மா இதை எழுதித் தந்தார்கள்.

பள்ளியில் இருக்கும்போதே கல்லூரித் தரத்தில் எழுதுகிற ஒரு தேர்வு உண்டு. பிரெஞ்சு மொழி, கலாசாரம் இரண்டும் அதில் வரும். மொழிபெயர்ப்புப் படிப்பில் இடம் வேண்டுமென்றால் அதில் நல்ல மதிப்பெண் எடுக்க வேண்டும் என்று நான் சேர விரும்பிய கல்லூரி சொல்லியிருந்தது. எங்கள் பள்ளியில் அந்த வருடம் அந்தத் தேர்வுக்குப் பதிந்தது நான் ஒருத்திதான். ஒரே மாணவிக்காகப் புது டீச்சரைத் தேட முடியாது, வேண்டுமானால் பெயரை எடுத்துவிடு என்றார்கள். நான் எடுக்கவில்லை. ஆனால் பயமாக இருந்தது.

அப்பாவுக்குத் துபாயைத் தாண்டி ஜெபல் அலியில் கிடங்கு வேலை. விடியும் முன்னே கம்பெனி பஸ் ஏறுவார். டிராஃபிக்கில் நின்று நின்று ராத்திரி எட்டு மணிக்கு வந்து சேருவார்.

“சாப்ட்டியா மக்ளே?”

“சாப்ட்டேன்ப்பா.”

எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். பிறகு அவர் நியூஸ் பார்த்தபடியே சோபாவில் தூங்கிவிடுவார்.

எழுதுவதும் படிப்பதும் எனக்குக் கஷ்டமில்லை. பேசுவதுதான் வரவில்லை. தேர்வில் ஒரு குரல் பிரெஞ்சில் ஏதாவது கேட்கும். இருபது விநாடிக்குள் நண்பரிடம் பேசுவதுபோல் பதில் சொல்ல வேண்டும். பிறகு உன் சமூகத்தையும் பிரெஞ்சு பேசும் ஒரு சமூகத்தையும் ஒப்பிட்டு இரண்டு நிமிடம் பேசு என்பார்கள். என் சமூகம் எது? ஊரை நான் லீவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். இந்த நாட்டில் பிறந்தேன், ஆனால் இதுவும் என் நாடு இல்லை.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், போனில் என் குரலைப் பதிவு செய்து பழகினேன். போட்டுக் கேட்டபோது மாதிரித் தேர்வின் கேள்வி ஒலித்தது. அதன் பிறகு ஏசி ஓடுகிற சத்தம் மட்டுமே கேட்டது. நான் ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்கவில்லை. வெள்ளியிலிருந்து எங்களுக்கு வார விடுமுறை; வியாழக்கிழமை பள்ளி விட்டு வந்ததிலிருந்து யாரிடமும் ஒரு முழு வாக்கியம் பேசவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எந்த மொழியிலும் பேசவில்லை. தரையில் உட்கார்ந்து அழுதேன்.

“ஆண்டவரே, மார்க் கேட்கவில்லை. பேசுவதற்கு ஒரு ஆளைத் தாரும்” என்று ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை அது. ஆனால் உண்மையான ஜெபம்.

உடனே எதுவும் நடக்கவில்லை. மூன்று வாரம் அப்படியே போனது. ஆண்டவருக்கு வேறு வேலை இருக்கிறது என்று நினைத்தேன்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம். தனியாக டாக்ஸி பிடித்துச் சபைக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டேன். நம் வளாகத்தில் எத்தனை மொழி ஆராதனை நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வராந்தாவில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் மஞ்சள் கவுன் போட்ட ஒரு ஆப்பிரிக்க அக்கா தனக்குத்தானே திட்டிக்கொண்டிருந்தார். பேப்பர் கப் தீர்ந்துவிட்டதாம். திட்டியது பிரெஞ்சில்!

யோசிப்பதற்குள் என் வாய் பிரெஞ்சில் சொல்லிவிட்டது: “என்னிடம் பாட்டில் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்.”

அவர் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வளாகமே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

அவர் பெயர் கிளாரிஸ். கேமரூன்காரர், இருபத்து நான்கு வயது. ஒரு ஹோட்டல் லாண்டரியில் துணி தேய்க்கிற வேலை. பக்கத்து ஹாலில் நடக்கிற பிரெஞ்சு ஆராதனைக்குப் பல மாதங்களாக வந்துகொண்டிருந்தார். எங்களுக்கு நடுவில் இருந்தது ஒரு சுவர் மட்டும்தான்.

நான் தேர்வைப் பற்றிச் சொன்னேன். அவர் சொன்னார்: “எனக்கு இங்கிலீஷ் வராது. ரூமில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஹிந்தியில் பேசுகிறார்கள். ரிசப்ஷன் வேலைக்குப் போக வேண்டும், பேசிப் பழக ஆள் கொடு என்று நானும்தான் ஜெபித்துக்கொண்டிருக்கிறேன்.”

உடனே அவரிடம் இங்கிலீஷில் என் பெயரைச் சொன்னேன்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஆராதனைக்கு முன் அரை மணி நேரம் பிரெஞ்சு, அரை மணி நேரம் இங்கிலீஷ். வார நாட்களில் வாய்ஸ் மெசேஜ். நான் இலக்கணம் யோசித்துத் தயங்கினால், “முதலில் பேசு, பிறகு திருத்திக்கொள்ளலாம்” என்பார். அவருடைய இங்கிலீஷைக் கேட்டு நான் சிரிப்பேன், என் உச்சரிப்பைக் கேட்டு அவர் சிரிப்பார்.

ஒருநாள், “உங்கள் ஊரில் கல்யாணத்துக்கு முந்தின நாள் என்ன நடக்கும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அப்பாவிடம் கேட்டேன். அவர் டிவியை அணைத்தார்.

“காய்கறி வெட்டுல்லா நடக்கும்! ஊர்ல உள்ளவங்க எல்லாம் வந்து இருந்து வெட்டுவாங்க. உங்க அம்மைக்க வீட்டு வெட்டுக்கு நான் ஒளிஞ்சு போய்ப் பாத்தேன், தெரியுமா?”

“மாப்பிள்ளையே போனீங்களா?”

“ஆமா. உங்க மாமன் பிடிச்சு, கத்தியக் குடுத்து வெங்காயம் உரிக்க வச்சிட்டான்.”

இரண்டு பேரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தோம். அம்மா போன பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. அதற்குப் பிறகு அப்பா தினமும் ஏதாவது சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்டது பேச ஒரு ஆள். வீட்டிலேயே இருந்த ஆளையும் ஆண்டவர் திருப்பித் தந்தார்.

மே மாதம் தேர்வு வந்தது. பெரிய அறை. நானும் ஒரு கண்காணிப்பாளரும் மட்டும். குரல் கேள்வி கேட்டது. “இயேசுவே” என்றேன் மனதுக்குள். பிறகு பேச ஆரம்பித்தேன். தப்போடுதான் பேசினேன், ஆனால் நிறுத்தவில்லை. ஒப்பிட்டுப் பேச வேண்டிய தலைப்பு, விசேஷங்களுக்கு மக்கள் கூடி ஆயத்தமாவதைப் பற்றியது. கிளாரிஸ் சொல்லியிருந்தபடி கேமரூனில் பெண்கள் கூடிப் பெரிய பானைகளில் சமைப்பதையும், எங்கள் ஊர் காய்கறி வெட்டையும் சொன்னேன். “எங்கள் சமூகத்தில்” என்று கூச்சமில்லாமல் சொன்னேன்.

ஜூலையில் மதிப்பெண் வந்தது. ஐந்துக்கு நான்கு. அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதே மாதம் அம்மா இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு மெதுவாக நடந்து விமானத்தில் வந்து இறங்கினார்கள். கிளாரிஸ் முதல் இண்டர்வியூவில் தேறவில்லை. ஒரு வாரம் யாரோடும் பேசாமல் இருந்தார். இரண்டாவது முறை, தூரத்தில் ராஸ் அல் கைமாவில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை கிடைத்தது. அவர் போன அன்று நான் அழுதேன். மறைக்க விரும்பவில்லை.

இப்போது தெரியாத ஊரில் ஹாஸ்டலில் இருக்கிறேன். தனிமை முற்றிலும் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் மெஸ்ஸில் யாராவது தனியாகச் சாப்பிட்டால் அவர் பக்கத்தில் போய் உட்காருகிறேன். முன்பு அப்படிச் செய்தவள் இல்லை நான்.

இதைக் கேட்கிறவர்களில் யாராவது தொழிலாளர் கேம்பிலோ, ஷேரிங் ரூமிலோ, பூட்டிய ஃபிளாட்டிலோ பேச ஆளில்லாமல் இருந்தால், வெட்கப்படாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார். இன்னொருவர் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிற ஆள் நீங்களாகவும் இருக்கலாம். அடுத்த ஹாலின் கதவைத் தட்டிப் பாருங்கள். என் ஆண்டவருக்கு நன்றி.